கல்லறை வாசலில் முதல் இடம்

கையில் ஒட்டிய, அண்ணன் ஜாஸ்பரின் குழிமண்ணை அகஸ்டின் பேன்ட்டில் துடைத்து முடிப்பதற்குள் பிரிஸில்லா அக்கா வரிசை போட ஆரம்பித்துவிட்டாள். அடக்கம் முடிந்ததும் குடும்பத்தார் கல்லறை வாசலில் நிற்க, வந்தவர்கள் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் இடம் மனைவிக்கோ கணவனுக்கோ, பிறகு பிள்ளைகள், பிறகுதான் உடன்பிறந்தவர்கள். போப்பாண்டவரே வந்து சொன்னாலும் சாந்தோமில் இந்த வரிசை மாறாது.

"ஜாஸ்பருக்குத்தான் கல்யாணமே ஆகலியே. நீயே மொதல்ல நில்லு," என்றாள்.

நின்றான். எதிரே குழாயடியில் கருணாகரன் தனியாக நின்றார். அடையாறு வீட்டில் அண்ணனோடு பதினாறு வருடம் வாழ்ந்தவர். குடும்பப் பேச்சில் அவர் பெயர் 'ரூம்மேட்'. ஐம்பது தாண்டிய கல்லூரி ஆசிரியரான அண்ணனுக்கு ரூம்மேட் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை; யோசிக்காமலிருக்க ரொம்பவே பாடுபட்டார்கள்.

போன வருடம் அண்ணன் அவர்கள் பட்ட பாட்டையும் வீணாக்கினார். பத்திரிகையில் பெயரோடு, படத்தோடு பேட்டி: 'நான் ஆணை நேசிக்கும் ஆண். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.' சர்ச் பங்கு மக்கள் கண்ணில் படக்கூடாதென்று மயிலாப்பூர் லஸ் முனைக் கடையிலிருந்த பிரதிகள் அத்தனையையும் அகஸ்டின் வாங்கிப் பரணில் போட்டான். இதழ் இப்படிப் பறக்கிறதே என்று கடைக்காரர் மறுநாள் கட்டுக்கட்டாக வரவழைத்து வாசலில் தொங்கவிட்டார்.

"சார், கருணாகரன் சாரு எங்க கீறாரு?"

முன்னால் ஓர் இளைஞன் நின்றான்.

"நீங்க யாருப்பா?"

"ஊரூர் குப்பம் சார். மயிலாப்பூர்ல ஒரு கடைல ஜாஸ்பர் சார் பேட்டி தொங்கிக்கினு இருந்திச்சி. வாங்கினு போயி அம்மாவுக்குப் படிச்சுக் காட்னேன். நானும் இப்டித்தாம்மான்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணியும் சொல்லல. தட்டு வச்சி மீன்கொழம்பு ஊத்திச்சி."

அகஸ்டின் அவன் தோளுக்கு மேலே பார்த்தான். வாசலைத் தாண்டிச் சாலைவரை ஆட்கள். ஆபீஸ் பையோடு சிலர், விபூதிப் பட்டையோடு ஒரு முதியவர், கைகோத்தபடி இரண்டு பெண்கள். ஒருவரையும் அவனுக்குத் தெரியாது. அண்ணனுக்கு இத்தனை பேரா? நெஞ்சுக்குள் கோயில் மணி அடித்ததுபோல் இருந்தது.

குழாயடிக்குப் போனான்.

"வாங்க சார்."

"வேணாம் அகஸ்டின். அக்கா சங்கடப்படுவாங்க."

"மொத எடத்துல நான் நின்னா, நான்தான் பொண்டாட்டின்னு நெனச்சுக்கப் போறாங்க. மானத்தக் காப்பாத்துங்க சார்."

கருணாகரன் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. அகஸ்டின் அவர் கையை விடாமல் அழைத்துவந்து முதலிடத்தில் நிறுத்தினான்.

பங்குப் பேரவைப் பெரியவர் புருவத்தை நெரித்தார். "இவர் யாருப்பா?"

பிறந்ததிலிருந்து கைகொடுத்த கிண்டல் ஒன்றும் அப்போது நாக்குக்கு வரவில்லை.

"அண்ணன் இவர்கூடத்தான் குடும்பம் நடத்துனாரு அங்கிள்."

சத்தமாகவே சொல்லிவிட்டான். பெரியவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நடந்தார். பிரிஸில்லா தரையைப் பார்த்தாள். குப்பத்து இளைஞன் முன்னால் வந்து, கருணாகரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற யாரும் அவசரப்படவில்லை.

வரிசை நகர்ந்தது. வெயில் உச்சிக்கு வந்தும் வால் தெரியவில்லை. கருணாகரனின் வழுக்கையிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பிரிஸில்லா சட்டென்று வரிசையை விட்டு விலகினாள். போய்விடப் போகிறாள் என்றுதான் அகஸ்டின் நினைத்தான். அவள் கைப்பையிலிருந்து பூப்போட்ட குடையை எடுத்து விரித்து, கருணாகரன் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் நெட்டையான மனிதர். எட்டவில்லை. செருப்பிலிருந்து குதிகாலை உயர்த்தி நின்றுகொண்டாள்.

அடுத்த ஆள் முன்னால் வந்தார்.