வாள்காரர் போட்ட முதல் மெசேஜ்

மரமில்லில் அவரை எல்லோரும் வாள்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். வாள் ஓடும்போது அங்கே யாரும் யாரையும் வாயால் கூப்பிட முடியாது, எல்லாம் கைச்சாடைதான். இரண்டு விரல் காட்டினால் இரண்டு அங்குலம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. சாடையைப் பார்த்தவர் பதிலுக்கு ஒரு தடவை கையைத் தூக்கினால் போதும், விஷயம் முடிந்தது. இருபத்தாறு வருஷமாக அவருக்கு இதுதான் பாஷை.

அந்த இருபத்தாறு வருஷமும் சேர்ந்து அவர் காதைத் தின்றுவிட்டது. இது ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மரத்துக்குள் ஆணி கிடந்தால் வாளின் சத்தம் மாறும். அதைக் காதால் பிடிக்கிறவனுக்குத்தான் வாள் பக்கத்தில் இடம். முதலாளிக்குத் தெரிந்தால் மரத்தூள் அள்ளப் போட்டுவிடுவார். ஆகவே மனிதர் வாள் மேடையில் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பிடித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் தொல்லை இல்லை. மனைவிக்கு வெண்கலத் தொண்டை. மிச்சத்தை அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

வம்பெல்லாம் போனில்தான். போனுக்கு உதடு கிடையாது. வெளியூரில் நர்ஸ் படிப்பு படிக்கும் மகள் ஞாயிறு காலையில் அவரைக் கூப்பிடுவாள். அவர் காதில் ஏதோ ஒரு கொசு பாடும். கொசு நிறுத்தினால் "சரிம்மா" என்பார். நீளமாகப் பாடி நிறுத்தினால் "ரொம்ப சந்தோஷம்மா" என்பார். இந்த இரண்டையும் வைத்தே இரண்டு வருஷம் அப்பாவாகக் காலம் தள்ளிவிட்டார். பெரிய கெட்டிக்காரர்!

ஒரு ஞாயிறு, கொசு வழக்கத்தைவிட நீளமாகப் பாடியது. "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். பட்டென்று போன் அணைந்தது. அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. மனைவி கூப்பிட்டபோதும், "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட என்னதாங்க சொன்னா?"

"நல்லா இருக்காளாம்" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

செவ்வாய்க்கிழமை மச்சான் லாரியில் மரம் ஏற்றிக்கொண்டு வந்தான். மனைவியின் தம்பி, மகளுக்கு ரொம்பச் செல்லமான மாமன். அக்காவைப் போலவே அவனுக்கும் வெண்கலத் தொண்டை.

"மாமா, உங்க பொண்ணு இனிமே உங்ககிட்ட போன்ல பேச மாட்டாளாம். மெசேஜ்தான் போடுவாளாம். பாக்கத் தெரியுமா?"

"அதெல்லாம் எதுக்கு மாப்ளே, பேசினா ஆகாதா?"

"கொண்டாங்க இங்க. மெசேஜ் வந்தா பையில கிடந்து துடிக்கும். இந்த மூலையில கவர் மாதிரி ஒரு படம் வரும். நடு பட்டனை அமுக்கினா பிரிஞ்சுடும். அவ்வளவுதான்."

அதற்குள் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மச்சான் வண்டியை எடுக்க ஓடினான்.

மறுநாளே போன் துடித்தது. வாளை நிறுத்திவிட்டுக் கவரைப் பிரித்தார்.

'அப்பா, பரீட்சையில் தேறலன்னு அழுதேன். நீங்க ரொம்ப சந்தோஷம்னு சொன்னீங்க. அவ்வளவு கோபமா? நாலு நாள் வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டுமா?'

இரண்டு தடவை படித்தார். பிள்ளை அழுதிருக்கிறது, இவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். 'வா கண்ணு, உடனே கிளம்பி வா' என்று நெஞ்சு நிறைய நினைத்து, போனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பிறகு பையில் போட்டுக்கொண்டார். இங்கே கவரைப் பிரித்தால் அங்கே தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் நிலையத்தில் போய் நின்றார். நாலு பஸ் வந்தது. மகள் எதிலும் இல்லை.

திங்கட்கிழமை மச்சான் லாரியை விட்டுக் குதித்த வேகமே சரியில்லை.

"என்ன மாமா நீங்க? அஞ்சு நாளா பிள்ளை போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா!"

"நான்தான் வரச் சொல்லிட்டேனே!"

"எப்போ?"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, பதில் எழுதுவது எப்படி, அனுப்புவது எப்படி என்று இந்தத் தடவை முழுதாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான்.

சாப்பாட்டு நேரத்தில் பலகை அடுக்கின் பின்னால் தனியாக உட்கார்ந்தார். 'வா' என்று ஒரே ஒரு எழுத்து போட்டால் வந்துவிடுவாள். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு என்ன பதில் சொல்வது? 'ஏதோ ஞாபகத்தில் சொல்லிட்டேன்' என்று எழுத ஆரம்பித்தார். ஒரு எழுத்துக்கு மூன்று அமுக்கு, நாலு அமுக்கு. பாதியிலேயே கட்டைவிரல் வலித்தது. இத்தனை பாடுபட்டு மகளிடம் பொய் சொல்கிறோமே என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்தார். புதிதாக எழுதி, மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டார்.

'அப்பாவுக்கு காது கேக்கலம்மா. வா.'

உடனே துடித்தது.

'எப்போலருந்து?'

'நீ ஊருக்குப் போனதுலருந்து.'

பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வேலைக்கு எழுந்து போனார்கள். அவருக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு துடித்தது.

'அப்போ ரெண்டு வருஷமா நான் சொன்னது எதுவுமே கேக்கலையா?'

'இல்ல.'

இந்தத் தடவை வந்தது நீளமாக இருந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

'வெள்ளிக்கிழமை வர்றேன்பா. அதுவரைக்கும் முதல்லருந்து சொல்றேன். ஹாஸ்டல்ல எனக்கு ஜன்னலோரக் கட்டில் குடுத்தாங்க. பக்கத்துக் கட்டில்காரி பயங்கரமா குறட்டை விடுவா.'

அங்கே வாள் மேடையிலிருந்து யாரோ வரச்சொல்லிச் சாடை காட்டினார்கள். அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'அப்புறம்?' என்று எழுதி அனுப்பினார். இந்த இரண்டு வருஷத்தில் மகளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.