நாலாவது வீடு

சுலைகாவின் கணவன் ஹசன் அலிக்கு சவுதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. ஊரில் வீடு பார்ப்பது, பேசுவது, கிரயம் முடிப்பது எல்லாம் அவள் தலையில்தான். மூன்று வீடுகள் கைக்கு வந்து நழுவிப் போயிருந்தன. முதல் வீட்டில், மலேசியாவில் இருந்த, வீட்டில் பங்குள்ள வீட்டுக்காரரின் தங்கை கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டாவதில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் வீடு அடமானத்தில் இருந்தது. மூன்றாவது வீட்டுக்காரர், பத்திரம் டைப் அடித்து வந்த அன்றைக்கு, வேறு ஆளுக்குப் பேசிவிட்டார்.

இப்போது ஹசன் அலியின் கம்பெனி ஆட்களைக் குறைத்துவிட்டது. மாசக் கடைசியில் மொத்தமாக ஊர் திரும்புகிறான். ராமநாதபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும், தன் மகன் கல்யாணத்துக்குள் காலி செய்யச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

அதனால் திருப்புல்லாணியில் கருத்தம்மாளின் வீடு அமைந்தபோது சுலைகா யோசிக்கவே இல்லை. கருத்தம்மாளின் மகன் பிரபாகரன்தான் எல்லாம் பேசினான். திருப்பூரில் கடை போடப் போகிறானாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். சுலைகா போனபோதெல்லாம் கருத்தம்மாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். சுலைகா பிரபாகரன் கையில் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, ஜன்னல்களுக்குத் திரை அளவெடுத்துக்கொண்டு வந்தாள்.

கிரயத்தன்று பத்திர ஆபீசில் டோக்கன் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் கருத்தம்மாளை நிமிர்ந்து பார்த்தார்.

"சம்மதத்தோடதான விக்கிறீங்க?"

கருத்தம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடியும் கேட்டார்.

"இல்லைங்கய்யா."

"ஏத்தா, என்ன பேசுற?" பிரபாகரன் கத்தினான்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சுலைகா கருத்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து, ரேகை எடுக்கும் மெஷின் பக்கம் இழுத்தாள். "வச்சிருங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். வச்சிருங்க."

"கையை விடும்மா!" என்று சார்பதிவாளர் அதட்டினார்.

விட்டாள். கருத்தம்மாளின் கையில் அவள் விரல்கள் பதிந்து சிவந்திருந்தன.

பத்திரம் பதிவாகாமல் வெளியே வந்ததும் பிரபாகரன் பைக்கை எடுத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அட்வான்ஸைப் பற்றிச் சுலைகா கேட்டது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ. படிக்கட்டில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" சுலைகா கேட்டாள். "எம் புருசன் வந்து நிக்கப் போறாரு. நா எங்கன போவேன்?"

"திருப்பூருல ஒரே ரூம்பாம் தாயி. அங்கன போயி மருமக காலடியில கெடக்கணும். எனக்கு ஏலாது." கருத்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அந்த ஆபீசருதான் மொத மொதல்ல என்னயக் கேட்டாரு. வேற யாரு கேட்டா?"

சுலைகாவுக்கு அந்தக் கிழவியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனாலும் ஆட்டோ பிடித்து அவளைத் திருப்புல்லாணியில் இறக்கிவிட்டாள்.

ஹசன் அலிக்குப் போன் போட்டபோது அவன் எடுத்த எடுப்பில், "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சிருச்சா?" என்றான்.

"முடியல மச்சான்."

"அப்ப நா எங்க வந்து எறங்குறது?" என்றான். அழுகிறானோ என்று இருந்தது. அவள் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷன்தான் வாடகைக்குக் கிடைத்தது. ஹசன் அலி வந்து இறங்கினான். பெட்டிகளை வைக்க இடமில்லாமல் ஜன்னலை மறைத்து அடுக்கினார்கள். பிரபாகரன் அட்வான்ஸில் பாதிதான் திருப்பிக் கொடுத்திருந்தான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹசன் அலி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "உப்பூர்ல ஒரு வீடு இருக்காம் புள்ள. போயிப் பாப்போமா?"

சுலைகா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்குத் தெம்பு இல்ல மச்சான். நீங்க போயிப் பாத்துட்டு வாங்க."

மறுநாள் அவன் தனியாக பஸ் ஏறினான்.