ஜெயித்த பக்கத்தில் நின்றவர் மட்டும்

அமெரிக்காவின் பனி விழும் சிற்றூரான வெஸ்ட் ஹார்லோவில் வருஷத்துக்கு ஒரு நாள், மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஊரே சட்டசபை ஆகிவிடும். யாரும் தேர்தலில் நிற்க வேண்டியதில்லை. ஓட்டுரிமை உள்ளவர் சகதி பூட்ஸை வாசலில் தட்டிவிட்டு ஊர் மண்டபத்துக்குள் வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், அன்றைக்கு அவரும் சட்டமியற்றுபவர். போர், சமாதானம், தபால் தலை எல்லாவற்றையும் வாஷிங்டன் பார்த்துக்கொள்ளும். எந்தத் தெருவை மூடும் பனியைத் தள்ளுவது என்பதை மட்டும் இங்கேயே கையைத் தூக்கி முடிவு செய்ய வேண்டும்.

வெர்னா லாப்லான்ட்டுக்கு அன்று ஒன்பதாவது தீர்மானம்தான் உயிர். "ஆந்தைக்குன்றுச் சாலையில் ஊர்ச் செலவில் பனி தள்ளுவதைத் தொடரலாமா?" அந்தச் சாலையில் எட்டே வீடுகள். உச்சியில் வெர்னாவின் பண்ணை, நாற்பத்திரண்டு ஆடுகள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பால் லாரி மேலே ஏறி வர வேண்டும். பனி தள்ளாவிட்டால் லாரி வராது. லாரி வராவிட்டால் பாலைக் கொட்ட வேண்டும், பிறகு ஆடுகளை விற்க வேண்டும், அதற்குப் பிறகு என்ன என்று அவள் யோசித்ததே இல்லை.

எதிர்ப்பக்கத்துத் தலை க்ளேட்டன் புஷி. இன்ஷூரன்ஸ் விற்பவர். எட்டு வீட்டுக்காக ஊரே ஏன் வரி கட்ட வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கக் கடைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர். கெட்டவர் அல்ல. கணக்கு சரியாக இருந்தால் மனசும் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

வெர்னா வீடு வீடாகப் போய்த் தலைகளை எண்ணி வைத்திருந்தாள். ஜெயித்துவிடலாம். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். கூட்டத்து நாள் மதியச் சாப்பாட்டை ஒவ்வொரு வருஷமும் ஒரு சாலைக்காரர்கள் சமைப்பது அந்த ஊர் வழக்கம். இந்த வருஷம் ஆந்தைக்குன்றின் முறை. மண்டபத்துக்குக் கீழே, நிலவறைச் சமையலறையில், அவளுடைய கணவன் ரோலண்ட் உட்படப் பதினோரு பேர் பீன்ஸைக் கிளறிக்கொண்டும் பன்றித்தொடையை அரிந்துகொண்டும் நின்றார்கள். பதினோரு ஓட்டு, கையில் கரண்டியோடு.

பதினொன்றரை மணிக்கு, ஒன்பதாவது தீர்மானத்தின் மேல் விவாதம் நடக்கும்போதே, சமையல் வாசனை மேலே வந்தது. க்ளேட்டன் எழுந்தார்.

"தலைவரே, பேசினது போதும். ஓட்டுக்கு விட்டுடலாம்னு முன்மொழியறேன்."

விவாதத்தை இப்படி வெட்ட மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும். எதிர்க்கருத்தை வாய் திறக்க விடாமல் அமுக்குவது சுலபமாக இருக்கக் கூடாது என்பதற்காகவே வைத்த விதி. ஆனால் பசிக்கு எதிராக அந்த விதியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முக்கால் மண்டபம் கையைத் தூக்கிவிட்டது.

கூட்டத் தலைவர் ஆல்டன் விட்காம் சுத்தியலைத் தட்டினார். "ஆதரிக்கறவங்க ஜன்னல் பக்கம். எதிர்க்கறவங்க மேடை பக்கம். தலையை எண்ணிடலாம்."

வெர்னா ஜன்னல் பக்கம் பார்த்தாள். மேடைப் பக்கம் பார்த்தாள். எண்ணவே வேண்டாம், தோல்வி. பக்கத்தில் இருந்த நாத்தனார் கொரினின் காதில் சொன்னாள்:

"இப்பக் கூப்பிட்டா எண்றதுக்குள்ள வந்து சேர மாட்டாங்க. நீ ஜன்னல் பக்கம் நில்லு. எண்ணி முடிச்சதும் கீழ ஓடிப்போய் சமைக்கறவங்க எல்லாரையும் இழுத்துக்கிட்டு வா."

"நீ எங்க போற?"

வெர்னா நேராக மேடைப் பக்கம் நடந்து க்ளேட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. க்ளேட்டனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட்டத்தில் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, எதையும் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். அதனால் அவர் தலைவரைப் பார்த்தே சொன்னார்:

"தலைவரே, இந்தம்மா வழி தவறி வந்துட்டாங்க போல. இல்ல, ஆடுங்கதான் ஓட்டை மாத்திப் போடச் சொல்லிச்சா?"

"தலைவரே," என்றாள் வெர்னா, "எங்க ஆடுங்க இன்ஷூரன்ஸ்காரர் பேச்சைக் கேக்காதுன்னு சொல்லிடுங்க."

எண்ணினார்கள். ஆதரவு முப்பத்து நான்கு, எதிர்ப்பு நாற்பத்தேழு. தீர்மானம் தோற்றது. கொரின் படியில் தடதடவென்று இறங்கினாள்.

அடுத்த சில விநாடிகள்தான் எல்லாம். ஒரு தீர்மானம் முடிந்தபின் அதைத் திரும்ப எடுக்க ஒரு கதவு உண்டு. தலைவர் அடுத்த தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினால் அந்தக் கதவு அடுத்த வருஷம் வரை சாத்திக்கொள்ளும். ஆல்டன் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, ஒன்பதாவது தீர்மானத்தை மறுபடி பரிசீலிக்கணும்னு முன்மொழியறேன்," என்றாள் வெர்னா.

க்ளேட்டன் திரும்பினார். "தலைவரே, தோத்தவங்க எல்லாரும் இப்படிக் கேட்டா கூட்டம் கிறிஸ்துமஸுக்குத்தான் முடியும்."

"உண்மைதான்," என்றார் ஆல்டன். அவருக்கு விதிப்புத்தகம் மனப்பாடம், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர். "அதனாலதான் தோத்தவங்க கேக்க முடியாது. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்க மட்டும்தான் கேக்கலாம். ஜெயிச்சவனுக்கே மனசு உறுத்தினா, அது யோசிக்க வேண்டிய விஷயம்தானே? சரி க்ளேட்டன், வெர்னா எந்தப் பக்கம் நின்னாங்க?"

க்ளேட்டன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என் பக்கத்துல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வழிமொழிய ஒருவர் வேண்டும். பின்வரிசையிலிருந்து, எண்ணும்போது மேடைப் பக்கம் நின்றிருந்த கிழவர் ஆர்ச்சி டட்டில் கையைத் தூக்கினார். "நான் வழிமொழியறேன். சாலை எப்படியோ போகட்டும், இது எங்க போய் முடியுதுன்னு பாக்கணும்."

இப்போது வெர்னாவுக்குத் தேவை நேரம். கீழே கொரின் கூப்பிடுவதும், ரோலண்டின் "அடுப்பை யாரு பாக்கறது?" என்ற குரலும் கேட்டன. வெர்னா பேச ஆரம்பித்தாள்.

"நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன், தலைவரே. போட்டதுலேர்ந்து மனசே சரியில்ல."

"தலைவரே, போட்டு நாலு நிமிஷம்தான் ஆச்சு," என்றார் க்ளேட்டன்.

"மனசு மாற இத்தனை நிமிஷம்னு விதி இல்ல. பேசறவங்களை இடைமறிக்கக் கூடாதுன்னு இருக்கு. உக்காருங்க," என்றார் ஆல்டன்.

வெர்னா ஆடுகளைப் பற்றிப் பேசினாள். பாலைப் பற்றிப் பேசினாள். நான்காவது வளைவில் பால் லாரி ஒருமுறை பின்னோக்கி வழுக்கிக்கொண்டே வந்ததையும், ஓட்டுநர் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கையசைத்ததையும் சொன்னாள். அது பிரியாவிடை என்று அவர்கள் நினைத்ததையும் சொன்னாள். சொல்ல எதுவும் மிச்சமில்லாதபோது நாற்பத்திரண்டு ஆடுகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். பதினாறாவது பெயரில் படிக்கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய பதினோரு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் ரோலண்ட், கையில் இன்னும் கரண்டி.

"அவ்வளவுதான், தலைவரே," என்றாள் வெர்னா.

மறுபரிசீலனைக்குக் குரல் ஓட்டு. ஆர்ச்சியைப் போல வேடிக்கை பார்க்க விரும்பியவர்களும் சேர்ந்து கத்தியதில் கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் க்ளேட்டனின் முகம் வெளுத்தது. சாலை ஜெயித்துவிடும் என்று கணக்குப் போட்டார். பிறகு இன்னொரு கணக்குப் போட்டார். மெதுவாக அவர் முகம் தெளிந்தது.

மறுபடி பக்கம் பிரியச் சொன்னார் ஆல்டன். வெர்னா ஜன்னல் பக்கம் போனாள். திரும்பிப் பார்த்தால் க்ளேட்டன் அவள் பக்கத்தில் நிற்கிறார்.

"தலைவரே," என்றார் புன்னகையோடு, "எனக்கும் மனசு சரியில்ல."

அவள் எதிர்பார்க்காதது இது.

எண்ணினார்கள். ஆதரவு நாற்பத்தேழு, எதிர்ப்பு நாற்பத்தைந்து. தீர்மானம் நிறைவேறியது. சுத்தியல் மேஜையில் விழுவதற்குள் க்ளேட்டன் கையைத் தூக்கிவிட்டார்.

"ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவன்கிற முறையில, மறுபரிசீலனைக்கு முன்மொழியறேன்."

ஆல்டனின் கண்கள் பளபளத்தன. இந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ. "நல்லா யோசிச்சிருக்கீங்க, க்ளேட்டன். நிஜமாவே சொல்றேன். ஆனா ஒரே விஷயத்தை ஒரு தடவைதான் மறுபரிசீலிக்கலாம். இல்லேன்னா நீங்க சொன்ன மாதிரி கிறிஸ்துமஸ் வந்துடும்."

ஊர் எழுத்தர் லெனோர் குறிப்பேட்டில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். "தலைவரே, ஒரு சின்ன விவரம். க்ளேட்டன் மேடைப் பக்கமே நின்னிருந்தா நாப்பத்தாறுக்கு நாப்பத்தாறு. சமமா வந்தா தீர்மானம் தோத்துடும். நீங்களும் இருபத்திரண்டு வருஷமா தலைவர் நாற்காலியிலேர்ந்து ஓட்டுப் போட்டதில்ல."

மண்டபம் இதைப் புரிந்துகொள்ள ஒரு மூச்சு நேரம் எடுத்தது. அப்புறம் யாராலும் யாரையும் அடக்க முடியவில்லை.

க்ளேட்டன் மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்குப் போய் ஆல்டனின் விதிப்புத்தகத்தை வாங்கி, விரலை நக்கி நக்கிப் பக்கங்களைப் புரட்டினார். இன்னும் ஒரு கதவு எங்கேயாவது இருக்குமா? வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அவளுக்கு இதயமும் நின்றது. விரல் மறுபடி நகர்ந்தது.

"பத்தாவது தீர்மானம்," என்று வாசித்தார் ஆல்டன். "நாய்களுக்கான உரிமக் கட்டணத்தை..."

வெர்னா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் பீன்ஸ் தீய்ந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. ரோலண்ட் கரண்டியோடு படியை நோக்கி ஓடினான்.