ஆறாத புண்ணுக்குச் சொன்ன சாட்சி

என் வாய் சும்மா இருக்காது. மீன் ஏலத்தில் நான் குரல் கொடுத்தால் நாலு ஆம்பளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த வாயால்தான் என் வீட்டுக்காரரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இடுப்பளவு தண்ணீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் வலது காலில் திருக்கை மீனின் விஷமுள் ஏறியது. கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரியில் சேற்றை மிதித்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. சுடுதண்ணீரில் காலை ஊறவைத்து மஞ்சள் வைத்துக் கட்டினால் பத்து நாளில் ஆறிவிடும். இவருக்குச் சுகர். மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. பாதம் வீங்கிச் சுண்டுவிரல் கறுத்தது. ஊர் நர்ஸம்மா பார்த்துவிட்டு, இன்றைக்கே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றாள். காலை வெட்டிவிடுவார்கள் என்று இவர் நடுங்கினார். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு ஏரியில் என்ன செய்வது? நானும் வற்புறுத்தவில்லை.

எங்கள் சபை எங்களுக்காக உபவாசம் இருந்தது. சபை என்றால் முப்பது குடும்பம், தகரக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு, கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர், அவ்வளவுதான். எதிரே வருகிற ஒவ்வொருத்தியும் "ஸ்டீபனுக்குக் கால் ஆறிச்சா?" என்று கேட்பாள். இல்லை என்றால் ஒரு பார்வை பார்ப்பாள். உன் விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை என்கிற பார்வை. எத்தனை நாள் தாங்குவது? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில், நேரே போய் மைக்கைப் பிடித்தேன். என் புருஷன் கால் காய்ந்துவிட்டது, வீக்கம் வடிந்துவிட்டது, கர்த்தர் தொட்டுவிட்டார் என்று சொன்னேன். நடக்கும் முன்பே நடந்துவிட்டது என்று அறிக்கை செய்தால் அது நடக்கும் என்று எங்களில் நிறையப் பேர் நம்புவோம். நானும் அதைத்தான் செய்கிறேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று காலை கட்டு மாற்றும்போதுகூடச் சீழ் வந்திருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டில் படுத்திருந்தவர் ஸ்பீக்கரில் அதைக் கேட்பார் என்று எனக்கு உறைக்கவேயில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"எலிசா, நேத்துலேர்ந்து எனக்கு வலியே இல்லமே. ஒன்னாண்ட நான் சொல்லவேயில்ல. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது? கர்த்தருதான் ஒனக்குக் காட்டிக்கீறாரு."

இனிமேல் கட்டை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்துப் பார்ப்பது சந்தேகப்படுவது போல என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கவிடவில்லை.

அப்போதே பொய் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நாலு வருஷத்துக்கு முன் இவர் ஜெகதீஸ்வரன். குடித்துவிட்டுக் கரையில் விழுந்து கிடப்பார். ஞானஸ்நானம் எடுத்து ஸ்டீபன் ஆன நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. விசுவாசம் என்கிற அந்த ஒன்றை உருவிவிட்டால் மனுஷன் திரும்பவும் மண்ணில் விழுவார் என்று பயந்தேன். கால் போனாலும் பரவாயில்லை, விசுவாசம் போகக் கூடாது என்றுகூட நினைத்தேன். போவது உயிர் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

சுற்றி வளைத்துப் பார்த்தேன். பாஸ்டர் தனசேகரைக் கூட்டிவந்தேன். அவரே பிரஷருக்கு மாத்திரை போடுகிறவர். டாக்டரும் கர்த்தருடைய கைதான் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கர்த்தர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று இவர் சிரித்தார். வெளியே வந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாக நிறுத்தி, கால் நிஜமாகவே ஆறிவிட்டதா என்று கேட்டார். ஆறிவிட்டது என்றேன், அவர் கண்ணைப் பார்த்து. என்னை எதால் அடிப்பது?

அப்புறம் ஜெபித்தேன். ஜெபமா அது? ஏலத்தில் பேரம் பேசுகிற மாதிரிதான். உம்முடைய பேரில் சொல்லிவிட்டேன், இனி இது உம்முடைய மானம், நீர்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஆண்டவரையே மிரட்டினேன். மூன்று நாள் முட்டி தேய முழங்காலில் நின்றேன். வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய தங்கை ஜமுனா கஞ்சி கொண்டுவந்தாள். அவள் சபைக்கு வருகிறவள் இல்லை. உள்ளே வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணி, எலி செத்த நாத்தம் அடிக்குது. ஒங்க சாமிய நீங்களே வச்சிக்கோங்க. எங்க அண்ணன எனக்குக் குடுங்க."

வலை அறுக்கிற கத்தியை எடுத்துக் கட்டை வெட்டினேன். மூன்று விரல்கள் கரியாக இருந்தன. விரல் இடுக்கில் எறும்புகள் போய்வந்துகொண்டிருந்தன. கையால் தட்டிவிட்டேன், நகம்கூடப் பட்டிருக்கும். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பாத்தியா, வலிக்கவேயில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கால் ஆறவில்லை, செத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் சொன்னது பொய், அன்றைக்கும் சீழ் வந்தது, நீயே குனிந்து பார் என்று கத்தினேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஜமுனா அழுவுறா, நீ பயந்துட்ட. இப்ப சொல்றதுதான் பொய்யி. அன்னிக்கு ஊரே கேக்கச் சொன்னியே, அது கர்த்தரு பேசவச்சது. அது பொய்யின்னா, போய் அதே மைக்குல சொல்லு."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பெண்கள் கூடியிருப்பார்கள், மைக் போட்டிருப்பார்கள். ஜெப வீடு நூறு அடிதான். அந்த நூறு அடியும் மெதுவாகத்தான் நடந்தேன். நாளையிலிருந்து இந்தக் குப்பத்தில் எந்த முகத்தோடு நடப்பேன் என்றுதான் நினைத்தேன். புருஷன் அங்கே சாகிறார், எனக்கு என் முகம் பெரிதாக இருந்தது. என்னைவிடக் கேடுகெட்டவள் இருப்பாளா?

வாசலில் நின்றபோது உள்சுவரில் மாட்டியிருந்த மரச்சிலுவை கண்ணில் பட்டது. தினமும் பார்ப்பதுதான். துணிகூட இல்லாமல், ஊர் கூடிப் பார்த்துச் சிரிக்கத் தொங்கினவர் ஆண்டவர். தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்ற நான் கிளம்பினேனாம், பொய்யை எடுத்துக்கொண்டு. நான் காப்பாற்றினது என் மானத்தை, அவர் பேரைச் சொல்லி. பதினெட்டு வருஷமாகச் சபைக்கு வருகிறேன், இது இத்தனை நாள் புரியவில்லை.

பாடிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பாட்டு நின்றது.

"ஞாயித்துக்கெழம நான் சொன்ன சாட்சி பொய்யி. எங்க வூட்டுக்காரர் காலு ஆறல, அழுவிப் போச்சு. கர்த்தர் ஆறவச்சாருன்னு நானாத்தான் சொன்னேன். யோவ், கேக்குதா? நான் பொய் சொன்னேன்யா. ஆஸ்பத்திரிக்கி வாய்யா."

ஜெபம் நடத்த வந்திருந்த பாஸ்டர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார், திட்டவில்லை. நான் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் வாசற்படிக்கு நகர்ந்து வந்து காலை வெயிலில் நீட்டி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கோசரம் பொய் சொன்ன?" என்றார்.

கர்த்தர் பேர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் என்று இழுத்தேன்.

"அவரு ஒன்னாண்ட கேட்டாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டோவைக் கூப்பிடு என்றார். விசுவாசத்தை விட்டுவிடுவாரோ, என்னை விட்டுவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட்டேன். காட்டூர் தாண்டிப் பொன்னேரி போகும்வரை அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. ஜமுனாவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார்.

முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். ஐந்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஐந்து நாளும் என்னுடையது.

ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். இவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"ஜெபம் பண்ணுமே."

கண்ணை மூடினேன். பழகின வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஜெயம், அற்புதம், விடுதலை. ஒன்றையும் சொல்ல மனசு வரவில்லை. இவர் பிழைப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று இனி ஆண்டவரிடம் சொல்ல மாட்டேன்.

"ஆண்டவரே, எனக்குப் பயமாக்கீது" என்றேன்.

"எனக்கும் பயமாக்கீது, ஆண்டவரே" என்றார் அவர். "ஆமென்."