கேட்கப்படாத பாடம்

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையிடம் பாடத்தை வாசித்துவரச் சொன்னால், மறுநாள் அதைப் பற்றிக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பிள்ளை பாடத்திலிருந்து வெளியே வராது. தறிகள் நிறைந்த அந்த ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அடுப்பில் பாலை வைத்தால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல் தெரியும்.

நான் தமிழாசிரியையாக அங்கே சேர்ந்த அன்று தலைமையாசிரியை ரங்கநாயகி எனக்கு வகுப்புகளைச் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு வந்ததும் சற்று நிறுத்தினார்.

"மூணாவது பெஞ்சில ஒரு பொண்ணு உள்ள போயிருக்கா. தாரணின்னு பேரு. உங்களுக்கு முன்னாடி இருந்த குழந்தைவேல் சார் துணைப்பாடத்தை வாசிக்கச் சொல்லியிருக்கார். கேக்கறதுக்குள்ள அவருக்கு மாறுதல் வந்துருச்சு. அந்த பெஞ்சுக்குப் பக்கத்துல தரை ஈரமா இருக்கும். பாத்துப் போங்க."

தரை ஈரமாகத்தான் இருந்தது. தாரணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். முன்னால் புத்தகம் விரிந்திருந்தது. மின்சாரம் இல்லாமல் மின்விசிறி நின்றுபோயிருந்தது. வெளியே மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. ஆனாலும் அவளுடைய ரிப்பன் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. பாவாடையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வேற யாரும் உள்ள போகலையா?" என்று வகுப்பைக் கேட்டேன்.

"நாங்க யாரும் படிக்கலைங்க டீச்சர்," என்றான் முன்வரிசையில் இருந்த ஒருவன். "அவ மட்டுந்தான் படிச்சா."

படிக்காதவர்கள் எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

மதிய இடைவேளையில் தாரணியின் அம்மா தவமணி வந்தாள். தறிக்கூடத்திலிருந்து நேராக வருகிறாள் என்பது தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சில் தெரிந்தது. தூக்குவாளியைத் திறந்து, ரசஞ்சோற்றைப் பிசைந்து மகளின் வாயருகே கொண்டுபோனாள். தாரணி வரிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் மென்றாள். சோறு தீர்ந்ததும் தவமணி கீழே குனிந்து பாவாடையைப் பிழிந்துவிட்டாள். பழகிய கை.

"போன வாரம் முட்டி வரைக்குந்தான் ஈரமுங்க டீச்சர்," என்றாள். "இப்ப இடுப்புக்கு வந்துருச்சு."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"போன் போட்டேனுங்க. மீட்டிங்கில இருக்கேன், அப்புறம் பேசறேன்னாரு. அப்புறம் பேசலீங்க."

அன்று மாலை அந்தத் துணைப்பாடத்தை நானும் வாசித்தேன். என்னை யாரும் வாசிக்கச் சொல்லாததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசல்காரர் ஒருவர் வெள்ளத்தில் ஒரு மருத்துவச்சியை அக்கரை சேர்க்கிறார். அவள் இறங்கிக்கொள்கிறாள். அவர் துடுப்பை மறுபடி கையில் எடுக்கிறார். அதோடு பாடம் முடிகிறது. பரிசலுக்குள் தண்ணீர் ஏறுவதாக எங்கேயும் இல்லை. அப்படியானால் தாரணி கடைசி வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள். பாடம் முடிந்த பிறகும் ஆறு ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

மறுநாள் நானே கேட்டுப் பார்த்தேன். "தாரணி, பாடத்தைப் பத்திச் சொல்லு." அவள் தலை நிமிரவில்லை. வாசிக்கச் சொன்னவர்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை பஸ் பிடித்து மலையடிவாரத்தில் இருந்த குழந்தைவேலின் புதிய பள்ளிக்குப் போனேன். விடுமுறை நாளிலும் அவர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து செல்போனில் பிள்ளைகளின் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்கு டீ வரவழைத்தார்.

"அந்த வாரம் வாக்காளர் பட்டியல் வேலைங்க," என்றார். "வீடு வீடாப் போனேன். திரும்பி வந்தா கையில ஆர்டர். பாடம் குடுத்தது எனக்கு ஞாபகமே இல்ல. எந்தப் பொண்ணு?"

"மூணாவது பெஞ்ச். தாரணி."

யோசித்தார். "நல்லாப் படிக்குமே, அந்தப் பொண்ணா? அதைக் கேக்கவே வேண்டாம்னு விட்டிருப்பேன். படிக்காத பசங்களைத்தானே கேப்போம்."

பக்கத்து வகுப்பறையிலிருந்து குதிரைகளின் குளம்புச் சத்தம் கேட்டது. அவர் எழுந்துபோய் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்கயும் சரித்திரத்துல ரெண்டு பேர் இருக்காங்க. அந்த டீச்சர் பிரசவ லீவுல போயிட்டாங்க," என்றார். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை வர்றேன்."

சொன்னபடி வந்தார். தவமணியும் தறியை விட்டுவிட்டு வந்திருந்தாள். அன்று தாரணியின் சட்டைக் காலர் வரை நனைந்திருந்தது. மோவாயைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேல் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "நான் குடுத்த பாடத்தை எல்லாரும் படிச்சீங்களா?" என்றார்.

"படிச்சோம் சார்," என்றது வகுப்பு ஒரே குரலில்.

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் அவள் மோவாயிலிருந்து சொட்டத் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

"பேர் சொல்லிக் கேளுங்க சார்," என்றேன்.

மூன்றாவது பெஞ்சுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பேன்ட் நனைந்தது. "தாரணி, பரிசல் பாடத்தை வாசிச்சியா?"

அவளுடைய கண்கள் வரியின் நடுவில் நின்றன.

"வாசிச்சேன் சார்." குரல் தூரத்திலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் ஆற்றின் இரைச்சல் இருந்தது.

"என்ன இருந்துச்சு, சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளத்தைச் சொன்னாள், மருத்துவச்சியின் கூடையைச் சொன்னாள். அவர் "அப்புறம்?" என்றார். காலரில் இருந்த ஈரம் ஒரு விரற்கடை இறங்கியது. மறுபடி "அப்புறம்?" என்றார். இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அப்போது மணி அடித்தது. வருடக்கணக்கான பழக்கத்தில் அவர் பாதி எழுந்துவிட்டார். தாரணியின் குரல் தண்ணீருக்குள் போய்க் குமிழ்களாக வந்தது. தவமணி பாய்ந்து அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"எந்திரிக்காதீங்க சார். எம்புள்ள இன்னும் சொல்லி முடிக்கலீங்க."

அவர் உட்கார்ந்தார். அடுத்த பாடவேளைக்கு வந்த கணக்கு வாத்தியார் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அப்புறம் என்னாச்சு, தாரணி?"

"மருத்துவச்சி இறங்கிட்டாங்க சார். அதோட புத்தகத்துல முடிஞ்சுருச்சு. பரிசல்காரர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனா பாதி ஆத்துக்கு வந்ததும் என்னைப் பாத்து, உன்னை யாரு கூப்புடோணும்னு கேட்டாரு. தமிழ் சார் கூப்புடுவாருன்னு சொன்னேன். அப்ப இருப்போம் கண்ணுன்னாரு. ஆத்து நடுவுலயே பரிசலை நிறுத்திப் புடிச்சுக்கிட்டாரு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. ராத்திரியெல்லாம் உங்க சார் பேரென்னன்னு கேப்பாரு. நானும் சொல்லுவேன். கரையைப் பாத்து அவரும் கூப்புட்டுப் பாத்தாரு."

குழந்தைவேல் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்புறம்?" என்றார்.

"தண்ணி ஏற ஏற ரெண்டு பேரும் கையால மொண்டு ஊத்துனோம். அவருக்குக் கை வீங்கிருச்சு. இன்னிக்குக் காத்தால, இதுக்கு மேல புடிக்க முடியாது கண்ணுன்னாரு. அப்பத்தான் நீங்க என் பேரைச் சொன்னீங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

தாரணி புத்தகத்தை மூடினாள். ரிப்பன் அடங்கி முதுகில் விழுந்தது. தரையில் இருந்த தண்ணீர் வாசலை நோக்கி ஓட, கணக்கு வாத்தியார் காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டார்.

தவமணி மகளின் தலையை முந்தானையால் துவட்டினாள். "சோறு வந்துச்சா கண்ணு?"

"தினமும் வந்துச்சும்மா. அவருக்கும் பாதி குடுத்தேன்."

"அதான் எளைச்சுட்ட."

குழந்தைவேல் எழுந்திருக்காமல் இன்னொன்றும் கேட்டார். "பரிசல்காரர் கரை சேர்ந்துட்டாரா?"

"தெரியலைங்க சார். நான் இங்க வந்துட்டேன்ல."

அவர் தலையசைத்தார். அன்று பள்ளிக்கு வந்ததற்கு ஒரு சான்று எழுதி வாங்கிக்கொண்டு, நனைந்த பேன்ட்டோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். போகும்போது, பிரசவ லீவில் போன அந்தச் சரித்திர டீச்சரின் வீடு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கப் போவதாகச் சொன்னார். கைக்குழந்தையோடு வர முடிந்தால் நல்லது என்றார்.

அதற்குப் பிறகு நான் எதை வாசிக்கச் சொன்னாலும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்டேன். சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பாடங்கள் பின்தங்கின. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு போனார். பிள்ளைகள் நிறைய வாசித்தார்கள். காலையில் செருப்பில் மணலோடும், சில நாள் உடம்பெல்லாம் ஊதுபத்தி வாசனையோடும் வந்து உட்காருவார்கள். கேட்டதும் திரும்பிவிடுவார்கள்.

ஒரு நாள் பிற்பகல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டு முடித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

"நான் இன்னும் சொல்லலீங்க டீச்சர்," என்றது ஒரு பெண்குரல்.

கடைசி பெஞ்சின் சுவரோரத்திலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டார்கள். நான் போய் உட்கார்ந்து சொல்லச் சொன்னேன். இப்போதைய புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை அது நிதானமாகச் சொன்னது. முடிந்ததும் பேர் கேட்டேன். பாவாத்தாள் என்றது. வாசிக்கச் சொன்ன வாத்தியார் எந்தக் காலத்திலோ கேட்காமலே போய்விட்டாராம்; குரல் மட்டும் வெளியே வந்திருந்தது.

தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைச் சேர்த்தார். சீருடைக்கு அளவெடுக்கத் தையல்காரி வந்தாள். எங்கேயிருந்து எதுவரை எடுப்பது என்று என்னைக் கேட்டாள். நான் பாவாத்தாளை ஏதாவது பேசச் சொன்னேன். தையல்காரி டேப்பின் ஒரு நுனியைத் தரையில் வைத்து, மறுநுனியைக் குரல் வரும் உயரத்துக்குத் தூக்கினாள்.

"கொஞ்சம் தாராளமாத் தைங்கக்கா," என்றது குரல். "வளர்ற உடம்பு."