நூறாவது நாள் பச்சை

காவலர் மூன்றாவது டிராயரையும் தரையில் கவிழ்த்தார். குண்டூசி, மூடியில்லாத பேனா, பழைய காலண்டர். சிவப்பு அட்டை மட்டும் இல்லை.

"அண்ணே, எட்டாம் அறை தையல்காரருக்கு நாடி இறங்குது!" சிறை மருந்தாளுநர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நாலு நாளா ஒரு பருக்கை உள்ள போகல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"அதுக்குத்தான் சிவப்பு அட்டை தேடுறேன். கேட்டுல சொல்லிப் பாத்தீங்களா?"

"கேட்டுல விடமாட்டேங்கிறான். கதவுல சிவப்பு தொங்கினாத்தான் வண்டி வெளிய போகுமாம். இவர் கதவுல பச்சை தொங்குது."

சிறைத்துறைத் தலைவர் போட்ட விதி. அவர் லேசுப்பட்ட ஆளா? இருபது வருடம் மனநல மருத்துவர். முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவார் என்று அவரே எழுதிய புத்தகத்தில் போட்டிருக்கிறது. வார்டிலிருந்து கமிட்டி, கமிட்டியிலிருந்து சிறைத்துறை. படிக்கு ஒரு திட்டம். கடைசித் திட்டம்தான் அட்டை. கைதியே தினமும் காலையில் தன் கதவில் மாட்ட வேண்டும். மனது நன்றாயிருந்தால் பச்சை, கலங்கினால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. அவருடைய அலுவலகம் இருக்கும் இந்தச் சிறையில் நூறு நாளாக ஒரு சிவப்புகூட இல்லை. அதற்குத்தான் கீழே மண்டபத்தில் விழா. அடுத்து அமைச்சருக்கே ஆலோசகராம்.

காவலர் மேடையேறித் தலைவரின் காதருகே குனிந்தார். "சார், ஒரு சிவப்பு அட்டை வேணும்."

"இன்னிக்கா?"

"ஆள் சாகக் கிடக்கார் சார்."

"பச்சைதானே மாட்டியிருக்கார்? மனசு தெளிவாத்தான் இருக்கு. மஞ்சள் போட்டுச் சமாளிங்களேன்."

"மஞ்சளுக்குக் கேட்டு திறக்காது சார். உங்க விதி."

"விழா முடியட்டும்யா."

"அப்ப மைக்குலயே கேட்டுடவா சார்?"

மனதைப் படிப்பவர் காவலரின் முகத்தைச் சட்டென்று படித்துவிட்டார். எழுந்து, யாரையும் கூட வரவிடாமல், மாடிக்குப் போனார். இரண்டே நிமிடம். மாடிப்படியிலிருந்து ஒரு சிவப்பு அட்டை பறந்து வந்து விழுந்தது. வண்டி கிளம்பியது.

சாயங்காலம் தையல்காரர் கண் திறந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் காவலர் மாடியேறினார். தலைவர் அறையில் ஆளில்லை. அவசரத்தில் அலமாரியை மூட மறந்திருந்தார். விருதுக் கேடயங்களுக்குப் பின்னால், அறுநூறு கைதிகளுக்கும் அச்சடித்த சிவப்பு அட்டைக் கட்டு.

ஓரத்தில் ஒன்றை உருவிய இடத்தில் மட்டும் கட்டின் மேலுறை கிழிந்திருந்தது. அச்சகத்தில் போட்ட சணல் முடிச்சு அப்படியே இருந்தது.