பூஜ்ஜியத்தில் நிற்காத முள்

"போட்டுத் தொலையேன்! ஒரே ஒரு கையெழுத்து. உன் சொத்தையா எழுதிக் கேக்கறேன்?"

கணவன் பேனாவை மேஜைமேல் தட்டினான். மனைவி அதைத் தொடவில்லை. எட்டு மணிக்கு அவளை எண்ணெய்க் கிணற்றுக்கு ஏற்றிப்போக வேன் வரும். கிணறு தயார் என்று காட்ட அவனுக்கு இன்று தலைமை அலுவலகத்தில் மீட்டிங். அதற்குள் சோதனை அறிக்கையில் அவள் கையெழுத்து வேண்டும்.

அவள் பெட்ரோலிய இன்ஜினியர்; பதினோரு வருஷ சர்வீஸ். முதல் நாள் வேலைக்குப் போனபோது, "பொம்பளைக்கு இங்க கக்கூஸ் இல்லைம்மா" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவளா போவாள்? பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்று வேலை கற்றாள். பிறகு தன் மேனேஜரையே கல்யாணம் செய்துகொண்டதுதான் வினை. இன்ஜினியராக இருந்தவள் மறுநாளே மேனேஜர் வீட்டம்மா ஆகிப்போனாள். அவள் அளந்து சொன்னதில் சந்தேகம் வந்தால்கூட வீட்டுக்காரரைத்தான் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். அடியிலிருந்து வாயு மேலேறாதபடி கிணற்றைச் சிமென்ட்டால் அடைத்திருந்தார்கள். அடைப்பு சரியா என்று பார்க்க, குழாயிலுள்ள அழுத்தத்தை வெளியேற்றி, வால்வை மூடி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்ஜியத்திலேயே நிற்க வேண்டும். நேற்று மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் முள் மெல்ல ஏறியது. அப்படியானால் அடைப்பு கசிகிறது. இன்று, வாயுவை மேலிருந்து அழுத்தி வைத்திருக்கும் கனத்த சேற்றைக் கிணற்றிலிருந்து எடுத்தால் வாயு பொங்கி வரும். ஒரு பொறி போதும், மேலே நிற்கும் நாற்பது பேரில் ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டார்.

"கேஜ் கோளாறு," என்றான் கணவன்.

"மூணு கேஜ் மாத்திப் பார்த்துட்டேங்க."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். சைட்ல உன்னைப் பயந்தாங்கொள்ளின்னுதான் கூப்பிடறாங்க, தெரியுமா?"

"தெரியும். பயமாத்தான் இருக்குங்க."

மாமியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஆம்பிளை இத்தனை தூரம் சொல்றான். போட்டுட்டுப் போயேம்மா. நம்ம சின்னவனும் அங்கதானே வேலை பார்க்கறான்? கூடப் பொறந்தவன் நிக்கற இடத்துல இவன் ஏடாகூடமா எதுவும் செய்வானா?"

அவள் அறிக்கையை மறுபடி புரட்டினாள். தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ? மூன்று தடவையுமா? "முகம் கழுவிட்டு வந்து போடறேன்," என்று எழுந்தாள்.

குளியலறை ஜன்னலுக்கு வெளியே கணவனின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"சின்னவனே, இன்னிக்கு வேலைக்குப் போகாதே. வயித்து வலின்னு சொல்லிடு. ஏன் எதுக்குன்னு கேக்காதே. அம்மாகிட்ட மூச்சு விடாதே."

அவளுக்குப் பகீரென்றது. குழாயைப் பிடித்துக்கொண்டாள். அடப்பாவி, எல்லாம் தெரிந்துதான் கேட்கிறானா! முள் ஏறியபோது வந்ததைவிடப் பெரிய பயம் இப்போது வந்தது. இந்த மனுஷனோடுதான் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்திருக்கிறாள்.

முகத்தைத் துடைக்காமலே வந்து உட்கார்ந்தாள். கணவனும் பின்கட்டிலிருந்து உள்ளே வந்தான்.

"போட்டுத் தர்றேன்," என்றாள். "சின்னவருக்குச் சொன்ன மாதிரி மத்தவங்களுக்கும் போன் போட்டு, வயித்து வலின்னு வீட்லயே இருக்கச் சொல்லுங்க. இப்பவே போட்டுத் தர்றேன்."

"யாருக்கு வயித்து வலி?" என்றாள் மாமியார். "காலைலகூட நல்லாத்தானே பேசினான்?"

கணவன் அவசரமாக அறிக்கையை மனைவி பக்கம் தள்ளினான். மாமியார் மகன் முகத்தையே பார்த்தாள். புரிய அதிக நேரம் ஆகவில்லை. பெரிய மகன் தன் தம்பியைக் காப்பாற்றிவிட்டான் என்று முதலில் அவள் நெஞ்சு குளிரத்தான் செய்தது. பெற்ற மனசு, என்ன செய்வது? அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினாள். வேலைக்குப் போகும் பூட்ஸ் போட்டு, தலையை இறுக்கி முடிந்து உட்கார்ந்திருந்தாள் மருமகள்.

"ஏன்டா," என்றாள் மெதுவாக. "இவளும் இன்னிக்கு அங்கதானேடா நிக்கப் போறா?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "வேன் வந்துடும்மா," என்றான்.

மனைவி பேனாவை எடுத்தாள். முடிவு என்ற கட்டத்தில் 'தேறவில்லை' என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரைக் கையெழுத்திட்டாள். போனில் படம் எடுத்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினாள். இனி யார் நினைத்தாலும் இன்றைக்கு அந்தச் சேற்றில் கை வைக்க முடியாது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மாமியார் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தாள்.